மாடியில் மிஞ்சும் மின்சாரம்: ஈபிக்கா, அடுப்புக்கா, வண்டிக்கா, பேட்டரிக்கா?

மாடியில் சோலார் போட்டவர்கள் முதல் ஆறு மாதம் பில்லைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கப்புறம் மீட்டரைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஈபிக்குப் போகும் யூனிட், ஈபியிலிருந்து வரும் யூனிட்டை விட வேகமாக ஏறுவதைக் கண்டதும் மனசு கேட்காது. நம் கூரையில் விளைந்தது ஊருக்குப் போகிறதே என்று இருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து பேட்டரி விற்பவர் ஒருவர் போன் செய்வார்.

திருச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் இந்தக் கட்டத்தில்தான் கூப்பிட்டான். 5 கிலோவாட் போட்டிருக்கிறான். “அண்ணா, மிஞ்சுறத என்ன பண்றது? பேட்டரி வாங்கிடவா?” என்றான். “அத அப்புறம் பேசலாம், முதல்ல கடைசி ஆறு பில்லயும் போட்டோ எடுத்து அனுப்பு” என்றேன். மிஞ்சிய யூனிட்டை எங்கே போடலாம் என்பதற்குப் பதில் பெரும்பாலும் பில்லிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் கணக்கு மாறும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலாவது, உங்கள் மீட்டர் எந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பது. இது தெரியாமல் மற்ற எந்தக் கணக்கும் போட முடியாது. நெட் மீட்டரிங் என்றால் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்கள். பகலில் கொடுத்த ஒரு யூனிட், ராத்திரி வாங்கிய ஒரு யூனிட்டுக்குச் சரி. ஒரு பில்லில் மிஞ்சியது அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும். நெட் ஃபீட்-இன் என்றால் கழிப்பது பணத்தில். நீங்கள் வாங்கும் யூனிட்டுக்கு ஈபி விலை, கொடுக்கும் யூனிட்டுக்கு அதைவிட மிகக் குறைந்த வேறொரு விலை. தமிழ்நாட்டில் 2019-இல் ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்கை விட்டு நெட் ஃபீட்-இன்னுக்குப் போனது. 2021-இல் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. அதனால் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமான கணக்கு இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது, அந்த யூனிட் எந்த ஸ்லாப்பில், அதாவது எந்த விலைப் படியில் விழுகிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2024 ஜூலைக் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன்: முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும், மேலே போகும் யூனிட்டும் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறும். 1000-ஐத் தாண்டினால் பதினொன்றுக்கும் மேல்.

சோலார் இல்லாமல் 900 யூனிட் ஓடும் வீட்டுக்குப் பில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும். அதையே 500-ஆக இறக்கினால் சுமார் 1,800 ரூபாய். அதாவது முதல் 400 யூனிட்டைக் குறைத்ததில் நாலாயிரம் மிச்சம், யூனிட்டுக்குப் பத்து ரூபாய். அடுத்த 400-ஐக் குறைத்து 100-க்குக் கொண்டுவந்தால் மிச்சம் 1,800 மட்டும், யூனிட்டுக்கு நாலரை ரூபாய். கடைசி 100-ஐக் குறைத்து என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை, அது ஏற்கெனவே இலவசம். ஒரே பேனலில் விளைந்த யூனிட்தான், மதிப்பு பத்து ரூபாயிலிருந்து பூஜ்யம் வரை மாறுகிறது.

மூன்றாவது, அந்த யூனிட் எந்தச் செலவை நிறுத்துகிறது. பெட்ரோலையா, கேஸையா, ராத்திரி ஈபியையா? எதையும் நிறுத்தாமல் புதிதாக ஒரு செலவை உண்டாக்கினால் அது சேமிப்புக் கணக்கில் வராது. “சும்மாதானே வருது” என்று வரவேற்பறைக்கும் ஒரு ஏசி மாட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். வசதி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் போட வேண்டிய முதலீடு, அது உழைக்கும் வருடம், வீட்டில் உள்ளவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்களா என்பது. கடைசியாகச் சொன்னதைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, பாதித் திட்டங்கள் அங்கேதான் கவிழ்கின்றன.

இதையெல்லாம் பார்த்த பிறகு மிஞ்சும் யூனிட்டை இரண்டாகப் பிரிக்கலாம். அடுத்த பில்லில் கழியப்போவதை வரவு யூனிட் என்கிறேன். ஆண்டுக் கணக்கு முடியும்போதும் தீராமல் நிற்பது, அல்லது நெட் ஃபீட்-இன்னில் குறைந்த விலைக்குப் போவது, மிச்ச யூனிட். கணக்குக்கு வசதியாக மிச்ச யூனிட்டின் விலையை 3 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## ஈபியிடமே விட்டுவிடுவது

நெட் மீட்டரிங் வீட்டுக்கு இதைவிட நல்ல பேட்டரி கிடையாது. பகலில் கொடுத்ததை ராத்திரி முழுசாகத் திருப்பித் தருகிறார்கள். ஜனவரியில் கொடுத்ததைக் கூட வரவாக வைத்திருக்கிறார்கள். இடையில் சார்ஜ் இழப்பு கிடையாது, பத்து வருடத்தில் மாற்ற வேண்டியதும் கிடையாது.

இதிலும் மறைந்த செலவு உண்டு. ஈபி லைனைப் பயன்படுத்துவதற்காக நெட்வொர்க் கட்டணம் என்று ஒரு வரி உங்கள் பில்லில் வருகிறதா, எத்தனை யூனிட்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதை ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பிலிருந்தும் கழிக்க வேண்டும்.

இன்னொன்று, கணக்கு முடிக்கும் தேதி. அது மார்ச் 31 என்றால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் நன்றாக இருக்கும், வானம் தெளிவு, ஏசி அவ்வளவாக ஓடாது. வரவு குவியும். ஏப்ரலில் ஏசி ஓட ஆரம்பிக்கும்போது அந்த வரவு கையில் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் பிப்ரவரியிலேயே வரவு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, தீர்க்கும் வழியை யோசிக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: நெட் மீட்டரிங் இருந்து, ஆண்டு உற்பத்தி ஆண்டுச் செலவை விடக் குறைவாகவோ சமமாகவோ இருக்கும் எல்லோருக்கும். இவர்கள் இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம்.

## வேலையை வெயில் நேரத்துக்கு மாற்றுவது

மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரி, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஓட்டுவது. எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான். நெட் மீட்டரிங் வீட்டில் இதனால் பைசா லாபமில்லை. காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டாலும் மதியம் போட்டாலும் பில்லில் கழிப்பது ஒரே யூனிட்தான். அந்த வீட்டில் அம்மாவை “வெயில் வரட்டும், அப்புறம் மாவு அரைக்கலாம்” என்று நிறுத்தி வைப்பது வீண் தொல்லை.

நெட் ஃபீட்-இன் வீட்டில் இதுவே முதல் வேலை. ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். அதை ராத்திரி ஏழு மணியிலிருந்து மதியத்துக்கு நகர்த்தினால், 3 ரூபாய்க்குப் போயிருக்க வேண்டியது 8 ரூபாய் யூனிட்டை நிறுத்துகிறது. செலவு, டைமர் சுவிட்சுக்குச் சில நூறு ரூபாய்.

வாட்டர் ஹீட்டரும் இதே கணக்குதான். 15 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும், நாலு பேர் குளிக்க இரண்டு இரண்டரை யூனிட். மதியம் சுட வைத்துச் சாயங்காலம் குளிக்கும் வீட்டுக்கு நல்லது. காலையில்தான் குளிப்போம் என்றால் ராத்திரி முழுக்கச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். திருச்சி, மதுரை வெயிலுக்கு ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீரே குளிக்க முடியாத சூட்டில் வரும், ஹீட்டரைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு.

## கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன்

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. கேஸ் அடுப்பில் அதில் நூற்றுக்கு அறுபது சொச்சம்தான் பாத்திரத்துக்குப் போகும், மீதி சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷனில் எண்பத்தைந்து வரை போகும். கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை 130 யூனிட் செய்துவிடும். சென்னையில் 2025 ஏப்ரல் விலையேற்றத்துக்குப் பின் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த விலைக்கு இண்டக்‌ஷனில் போடும் ஒரு யூனிட்டின் மதிப்பு 6 ரூபாய் 70 காசு.

இப்போது பிரித்துப் பாருங்கள். உங்கள் யூனிட் 9, 10 ரூபாய் ஸ்லாப்பைக் குறைக்கும் வரவு யூனிட் என்றால் கேஸிலேயே சமையுங்கள், இண்டக்‌ஷன் நஷ்டம். 3 ரூபாய் மிச்ச யூனிட் என்றால் இண்டக்‌ஷன் இரண்டு மடங்குக்கு மேல் லாபம். நாலரை ரூபாய் ஸ்லாப்பில் இருந்தாலும் கொஞ்சம் லாபம்தான். “இண்டக்‌ஷன் மலிவா, கேஸ் மலிவா” என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இது.

மறைந்த செலவு பாத்திரத்தில் இருக்கிறது. அலுமினியக் குக்கர், அடி உருண்ட வாணலி, மண்சட்டி எதுவும் இதில் ஏறாது. மூவாயிரத்துக்கு அடுப்பு வாங்கி, இன்னொரு மூவாயிரத்துக்குப் பாத்திரம் வாங்க நேரும். தோசையும் பொரியலும் கேஸில், சாதம், பருப்பு, பால், வெந்நீர் இண்டக்‌ஷனில் என்று பிரித்துக்கொள்ளும் வீடுகளில்தான் இது நிலைத்திருப்பதைப் பார்க்கிறேன். கேஸையே வீட்டை விட்டு அனுப்புகிறேன் என்று கிளம்பியவர்கள் அடுத்த பொங்கலுக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

## மின்சார வண்டி

இந்த விஷயத்தில்தான் கணக்கைத் தப்பாகப் போடுகிறோம். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் அறுபது ரூபாய்க்கு மேல் குடிக்கும். உடனே, “என் மிச்ச யூனிட் ஒன்று அறுபது ரூபாய்!” என்று மகிழ்ந்துவிடுகிறோம்.

அந்தப் புண்ணியம் வண்டிக்குப் போக வேண்டியது. சோலாரே இல்லாத வீட்டிலும் ஈபி மின்சாரத்தில் அந்த ஸ்கூட்டர் பத்து ரூபாய்க்கு அதே 30 கிலோமீட்டர் ஓடும். உங்கள் மிச்ச யூனிட் செய்வது அந்தப் பத்து ரூபாயை 3 ஆக்குவது மட்டும்தான். ஆகவே, மின்சாரம் மிஞ்சுகிறது என்பதற்காக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் வண்டியை விற்காதீர்கள். எப்படியும் வண்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றால் மின்சார வண்டி, அதில் கேள்வியே இல்லை.

அளவும் பொருந்த வேண்டும். தினம் 30 கிலோமீட்டர் போகும் ஸ்கூட்டர் மாதம் 30 யூனிட்தான் எடுக்கும். வருடத்துக்கு 1,800 யூனிட் மிஞ்சும் வீட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது. கார் என்றால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் அந்த 1,800 யூனிட்டில் 12,600 கிலோமீட்டர் ஓடும். சாதாரணக் குடும்பத்துக்கு ஒரு வருட ஓட்டம் தீர்ந்துவிடும். சோலார் தனியாகச் சேர்ப்பது, யூனிட்டுக்கு 7 ரூபாய் வித்தியாசத்தில் 12,600 ரூபாய்.

நெட் ஃபீட்-இன் வீட்டுக்கு ஒரு சிக்கல்: வெயில் அடிக்கும் நேரத்தில் கார் ஆபீஸில் நிற்கும். ராத்திரி சார்ஜ் செய்தால் அது ஈபி விலை. வீட்டிலிருந்து வேலை செய்பவர், பணி ஓய்வு பெற்றவர் இவர்களுக்குத்தான் பகல் சார்ஜ் கைகொடுக்கும். நெட் மீட்டரிங்கில் இந்தத் தலைவலி இல்லை.

## பேட்டரி

5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரிக்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சம் வரை கேட்கிறார்கள். நடுவில் ஒன்றேகால் லட்சம் என்று வைப்போம். முழுதும் காலி செய்ய மாட்டோம், நாலரை யூனிட். வருடத்துக்கு 300 நாள், பத்து வருடம் என்று தாராளமாகவே போட்டாலும் 13,500 யூனிட். பேட்டரி வழியாகப் போய் வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்பது ரூபாய்க்கு மேல் வாடகை. சார்ஜ் ஏறி இறங்குவதில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வீணாவது தனி. பழைய இன்வெர்ட்டர், பேட்டரியையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் வகை இல்லை என்றால் அதையும் மாற்ற வேண்டும், அது தனியிலும் தனி. டியூபுலர் என்னும் ஆசிட் பேட்டரி வாங்கும்போது மலிவு. பாதிக்கு மேல் இறக்க முடியாது, நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். யூனிட்டுக்குப் பதினைந்து ரூபாய் வந்து நிற்கும்.

3 ரூபாய் யூனிட்டைச் சேர்த்து வைத்து 8 ரூபாய் யூனிட்டை நிறுத்தினால் மிச்சம் நாலு ரூபாய்ச் சொச்சம். அதற்கு ஒன்பது ரூபாய் வாடகை. நெட் மீட்டரிங் வீட்டில் இன்னும் மோசம், ஈபி சும்மா செய்யும் வேலைக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

பேட்டரி வாங்க நியாயமான காரணம் கரண்ட் கட் ஒன்றுதான். பேட்டரி இல்லாத சோலார் இன்வெர்ட்டர், ஈபி லைன் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நட்ட நடு வெயிலில், மாடியில் 5 கிலோவாட் இருந்தும் மின்விசிறி ஓடாது. இதைப் போடும்போது பலரிடம் யாரும் சொல்வதில்லை, முதல் கரண்ட் கட் வரும்போதுதான் தெரிகிறது. அடிக்கடி கட் ஆகும் ஊர், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், ராத்திரி வேலை பார்ப்பவர் என்றால் வாங்குங்கள். அதை நிம்மதிக்கான செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள், சேமிப்புப் பக்கத்தில் எழுத வேண்டாம்.

இந்தக் கணக்கு மாறலாம். மத்திய அரசு 2023-இல் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, வெயில் நேரத்துக்குக் குறைந்த விலை, உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலை என்ற முறைக்கு வழி வைத்தது. அது நம் வீட்டு மீட்டருக்கும் வந்து, பேட்டரி விலையும் பாதியாக இறங்கினால் அப்போது மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

## முதலிலேயே குறைத்துப் போடுவது

இன்னும் சோலார் போடாதவர்களுக்கு மட்டும். மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் ‘பிஎம் சூர்ய கர்’ மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு ரூபாய் கூடாது. 3 கிலோவாட், ஆண்டுச் சராசரியில் நாளைக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720 தரும். மேலே காட்டிய 900 யூனிட் வீட்டுக்கு அதுவே விலை உயர்ந்த யூனிட்டையெல்லாம் தின்றுவிடும். நாலாவது, ஐந்தாவது கிலோவாட் மானியமும் இல்லாமல் வாங்கி, 3 ரூபாய் மிச்ச யூனிட்டை விளைவிக்கும். இரண்டு வருடத்துக்குள் கார் மாற்றுவது உறுதி என்றால் மட்டும் பெரிதாகப் போடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு யூனிட்டின் மதிப்பு | புதிதாகப் போடும் முதலீடு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| ஈபி, நெட் மீட்டரிங் வரவு | ஸ்லாப்பைப் பொறுத்து 0 முதல் 11 ரூபாய் | இல்லை | நெட்வொர்க் கட்டணம், கணக்கு முடியும் தேதி |
| ஈபி, மிச்ச யூனிட் | சுமார் 3 ரூபாய் (கணக்குக்காக) | இல்லை | ஒப்பந்த விலை |
| வெயில் நேரத்துக்கு மாற்றுவது | நெட் மீட்டரிங்கில் கூடுதலாக ஒன்றுமில்லை, நெட் ஃபீட்-இன்னில் ஈபி விலை | டைமர், சில நூறு | வீட்டாரின் பொறுமை |
| இண்டக்‌ஷன் | 6.70 ரூபாய் | 3,000 முதல் 6,000 | பாத்திரம் |
| மின்சார வண்டி | நிறுத்தும் ஈபி விலை, 8 முதல் 10 ரூபாய் | வண்டியின் விலை | பகலில் வண்டி எங்கே நிற்கிறது |
| பேட்டரி | ராத்திரி ஈபி விலை, அதில் 9 ரூபாய்க்கு மேல் வாடகை போகும் | ஒன்றேகால் லட்சம் | ஹைப்ரிட் இன்வெர்ட்டர் |

தம்பியின் பில்லுக்கு வருவோம். நெட் மீட்டரிங். ஆண்டு உற்பத்தி சுமார் 7,200 யூனிட், செலவு 5,400. மிச்சம் 1,800. ஆறு சிலிண்டர் அளவுக்குச் சமையலை இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 780 யூனிட் தீரும், கேஸில் 5,200 ரூபாய் குறையும். அந்த யூனிட்டை ஈபியிடம் விட்டிருந்தால் வந்திருக்கும் 2,340 போக, வருடத்துக்கு 2,900 ரூபாய்க்குப் பக்கம் லாபம். மீதி ஆயிரத்துச் சொச்சம் யூனிட்டை, பெட்ரோல் கார் ஓய்வுக்கு வரும் வரை ஈபியிடமே விட்டு வைக்கச் சொன்னேன். அவன் காருக்கு இன்னும் நாலு வருடம் ஆயுசு இருக்கிறது. அடுப்பு வாங்கியாகிவிட்டது. தோசைக்கல் மட்டும் கேஸில்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாராம்.